முதல் வரிக்கு முன்னால் ஒரு துறைக் குறிப்பு: பிறர் குரலில் எழுதுவதும் நடிப்பதும்

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

குறுந்தொகை 25. எழுதியவர் கபிலர். பாரியின் நண்பர், பாரி இறந்த பிறகு அவன் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போனவர். ஆனால் இந்த ஐந்து அடிகளில் பேசுவது ஒரு இளம்பெண். "அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்துக்கொண்டு, தினைத்தாள் மாதிரிக் காலோடு ஒரு குருகு நின்றது, அவ்வளவுதான்" என்கிறாள். இதைப் படித்துவிட்டுக் கபிலருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. பாட்டின் அடியில் இருக்கும் துறைக் குறிப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும்போது தலைவி தோழியிடம் சொன்னது.

எழுதுகிறவர் ஒருவர், 'நான்' என்று பேசுகிறவர் வேறொருவர். இதைத்தான் மேலைநாட்டு விமர்சனத்தில் 'பெர்சோனா' என்கிறார்கள். லத்தீனில் அது நாடக நடிகர் அணியும் முகமூடிக்குப் பெயர். நாம் தினமும் சொல்லும் 'பெர்சனாலிட்டி'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் ஒரே சொல்லில் அடக்க வேண்டியதில்லை. இலக்கியத்தில் கூற்று, மேடையில் வேடம், பொதுவாழ்வில் பிம்பம் என்று புழக்கத்தில் இருப்பதே போதும். 'ஆளுமை' என்று மொழிபெயர்ப்பதுதான் குழப்பம் தரும். ஆளுமை ஒருவரிடம் இருப்பது, வேடம் ஒருவர் போட்டுக்கொள்வது.

மூன்றுக்கும் வேலைமுறை ஒன்றுதான். அந்த அடிக்குறிப்பை முதலில் எழுதுவது.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்

புதிதாகப் பட்டியல் தேட வேண்டாம். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குச் சொல்லும் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று வரிசையாக வருகின்றன. இவற்றில் முதல் ஐந்தை எழுதத் தொடங்கும் முன்பே நிரப்பிவிட வேண்டும்: யார் பேசுவது, யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக. எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம், பன்னிரண்டு முதல் இருபது சொல்லுக்குள். அதற்கு மேல் போனால் உங்களிடம் இருப்பது கதைச்சுருக்கம், கூற்று இல்லை.

'யார்' என்ற இடத்தில் தொழிலை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமான பிழை. "ஒரு நெசவாளி" போதாது. "கூலி உயர்வு கேட்கப் போய், கேட்காமல் திரும்பி வந்த நெசவாளி" என்றால் பேச்சு கிளம்பும். 'எப்போது' என்பதற்குத் தேதி வேண்டாம். எது நடந்து முடிந்தது, எது இன்னும் நடக்கவில்லை என்பது வேண்டும். கபிலரின் தலைவிக்குக் கூடல் முடிந்துவிட்டது, வரைவு, அதாவது கல்யாணம், நடக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அவள் நிற்கிறாள். வரைவு நடந்த மறுநாள் அவளிடம் அந்தக் குருகுக்கு வேலையே இல்லை.

ஐந்திலும் கேட்போர்தான் முக்கியம். புதிதாக எழுதுகிறவர்களின் தனிமொழிகளில் பாதிக்கு மேல் வீணாவது, கேட்பவர் இல்லாமல் காற்றைப் பார்த்துப் பேசுவதால். கேட்பவர் மாறினால் குரல் எவ்வளவு மாறும் என்று பார்க்கக் கலித்தொகை 51, "சுடர்த்தொடீஇ கேளாய்", நல்ல பாடம். தண்ணீர் கேட்டு வந்தவன் வளையணிந்த கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "இவன் ஒருவன் செய்தது காண்" என்று அலறுகிறாள். அம்மா ஓடி வந்ததும் அதே வாய், "உண்ணுநீர் விக்கினான்" என்கிறது. அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான். அம்மாவிடம் பொய், இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் தோழியிடம் உண்மை. இரண்டு கேட்போர், ஒரே பெண், இரண்டு குரல். பொய் சொல்லத் தெரியாத பாத்திரத்தை வைத்துத் தனிமொழி எழுதுவது கஷ்டம்.

கேட்போரில் இன்னொரு வகை உண்டு. அகப்பாட்டுக் குறிப்புகளில் 'தலைவன் சிறைப்புறமாக' என்று அடிக்கடி வரும். வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிற்கிறான், தலைவி தோழியிடம் பேசுவதுபோல அவன் காதில் விழப் பேசுகிறாள். குறிப்பு எழுதும்போது நேராகக் கேட்பவர் ஒருவர், வேலிக்கு அப்பால் ஒருவர் என இருவரைப் போட்டுப் பாருங்கள். உரையாடலுக்கு உடனே இரண்டாவது அடுக்கு கிடைக்கும்.

(இந்தக் குறிப்புகள் பாடினவர்களே எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சில பாட்டுகளைத் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் கொள்ளலாம். நமக்கு அது இடைஞ்சல் இல்லை. எழுதுகிற நமக்குக் குறிப்பு முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான்.)

எழுதிப் பார்ப்போம்

நகரப் பேருந்து நடத்துநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறிப்பில்லாமல் உட்கார்ந்தால் பெரும்பாலும் இதுதான் வரும்:

மனிதர்களின் பயணங்களுக்கெல்லாம்
சீட்டுக் கிழிக்கிறேன்
என் பயணத்துக்குச் சீட்டுத் தருவது யார்?

கவியரங்கில் கைதட்டு விழும். ஆனால் எந்த நடத்துநரும் இதைச் சொல்ல மாட்டார். சில்லறையோடு மல்லாடுகிறவருக்கு 'பயணம்' என்ற சொல்லே வாயில் வராது, 'ட்ரிப்பு'தான் வரும். இங்கே பேசுவது நடத்துநரின் சட்டையைப் போட்டுக்கொண்ட கவிஞர்.

இப்போது குறிப்பு: கடைசி ட்ரிப் முடிந்து வசூல் எண்ணும் நடத்துநர், வயதில் மூத்த ஓட்டுநரிடம், குறைகிற பணத்துக்குப் பொய்க் காரணம் சொன்னது.

நாப்பது ரூவா உதைக்குதுண்ணே.
எங்கயோ சில்லறையக் கூடக் குடுத்துப்புட்டேன் போல.
நீங்க கெளம்புங்க, நான் கைக்காசப் போட்டுக் கட்டிக்கிறேன்.
பின்சீட்டுக்கு அடியில ஒத்தச் செருப்பு கெடக்கு, பாத்தீங்களா?
எடுத்துக் கடாசிறாதீங்க.
ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்குனாருல்ல, அந்தப் பெரியவரோடது.
காலைல மொத ட்ரிப்புக்கு அவருதான் நிப்பாரு.

பெரியவருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லை என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் நடத்துநர் தன் புண்ணியத்தைத் தானே அளந்தவர் ஆகிவிடுவார். சொல்லாமல் விட்டு, கேட்பவர் முடித்துக்கொள்ளும்படி வைப்பதற்குத் தொல்காப்பியம் தரும் பெயர் எச்சம். இரண்டாவது வரிப் பொய்யும் நான்காவது வரிச் செருப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, நடுவில் இருப்பதை வாசிப்பவர் போட்டுக்கொள்கிறார். குருகு செய்த வேலையை இங்கே செருப்பு செய்கிறது.

மொழியில் கவனிக்க வேண்டியது: 'கணக்கு உதைக்கிறது', 'கைக்காசு' போன்ற தொழில்சார் சொல் ஏழு வரிக்கு இரண்டு மூன்று போதும். எல்லாச் சொல்லையும் பேச்சில் ஒலிப்பதுபோலவே எழுத ஆரம்பித்தால் வாசிப்பவர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார், குரல் காதில் விழாது. வினைமுற்றிலும் விளிச்சொல்லிலும் வட்டார வழக்கை வைத்துவிட்டு, பெயர்ச்சொற்களில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

வினைமுற்று காட்டிக்கொடுக்கும்

தமிழில் கூற்று கட்டுகிறவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இது. 'வந்தான், வந்தார், வந்துச்சு, வந்தாரு' என்பதில் எதைத் தேர்ந்தாலும் பேசுகிறவருக்கும் பேசப்படுகிறவருக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும். மனைவி ஒருத்தி பத்து வரி 'அவரு சொன்னாரு' என்று போய்க்கொண்டிருந்து, பதினோராவது வரியில் 'அந்தாளு சொல்லிட்டுப் போயிட்டான்' என்றால் கோபத்தை விளக்க வேறு வரி தேவையில்லை. ஆகவே முதல் பிரதியை எழுதியதும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு ஒரு முறை படியுங்கள். மரியாதை விகுதி காரணமில்லாமல் ஏறி இறங்கினால் எழுதியவர் தடுமாறியிருக்கிறார். காரணத்தோடு ஒரே ஒரு இடத்தில் மாறினால் அதுதான் பாட்டின் திருப்பம்.

அளவு: தாளில் வாசிக்கும் கூற்றுக் கவிதைக்கு முதல் பிரதி நாற்பது வரி வரை போகட்டும், பிறகு இருபதுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் போக வேண்டியது முதல் ஆறு வரி. பாத்திரம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பகுதி அது. "நான் ஒரு நடத்துநர்" என்று நடத்துநர் ஓட்டுநரிடம் ஏன் சொல்லப் போகிறார்?

முன்னம் என்னும் பரிசோதனை

"இவ்விடத்து இம்மொழி இவர்இவர்க்கு உரிய என்று / அவ்விடத்து அவர்அவர்க்கு உரைப்பது முன்னம்" என்கிறது செய்யுளியல். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது என்று பேச்சை வைத்தே அறிய முடிய வேண்டும். இதை அப்படியே பரிசோதனையாக்கலாம். தலைப்பையும் குறிப்பையும் மறைத்துவிட்டு, விஷயம் தெரியாத இரண்டு பேரிடம் கொடுங்கள். பேசுவது யார், யாரிடம், பேச்சுக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று மூன்றே கேள்வி. இரண்டு பேரும் பேசுகிறவரைக் கண்டுபிடித்து, கேட்பவரைக் கோட்டைவிட்டால், நடுவில் எங்கோ கேட்பவரை நீங்கள் மறந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் பாதியைத் தாண்டியதும் மறந்திருப்பீர்கள். அங்கே ஒரு விளி, அல்லது கேட்பவர் இடையில் ஏதோ சொன்னதற்கான பதில் சேர்த்தால் சரியாகும். முன்னால் என்ன நடந்தது என்பது தெரியவில்லை என்றால் 'காலம்' நிரம்பவில்லை. எல்லாவற்றையும் மிகச் சரியாகச் சொல்லிவிட்டால் அதுவும் ஆபத்து, எச்சம் எதுவும் மீதமில்லை என்று அர்த்தம்.

அகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்". ஐந்திணையில் இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. அதே கபிலர் புறத்தில் பாரியைப் பெயர் சொல்லிப் பாடுகிறார், அங்கே கபிலரே பேசுகிறார். நமக்கும் இது உதவும். உயிரோடு இருக்கும் யாரையோ மனத்தில் வைத்து எழுதினால் பெயரை எடுத்துவிடுங்கள், ஊரையும் தொழிலையும் மாற்றுங்கள். மாற்றியதும் பாட்டு நொண்டினால், அது பாட்டாக இருக்கவில்லை, வம்பாக இருந்திருக்கிறது.

பெயரோடு வேடம் போட வேண்டுமானால் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரத்தை எடுத்துக்கொள்வது ஆழ்வார்கள் வழி. பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டுகிறார். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் கண்ணனை வளர்க்கக் கொடுத்துவைக்காத தேவகியாகப் புலம்புகிறார், ராமனைக் காட்டுக்கு அனுப்பிய தசரதனாக அழுகிறார். கதை கேட்பவருக்குத் தெரியும் என்பதால் அறிமுகத்துக்கு ஒரு வரிகூடச் செலவில்லை. ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது: பாத்திரத்துக்கு நமக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாது. காட்டுக்கு அனுப்பிய இரவில் தசரதனுக்குச் சீதையை ராவணன் கவர்வது தெரியக் கூடாது. இப்போது எழுதப்படும் கண்ணகிகளும் அகலிகைகளும் பலர் தங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்தவர்கள்போலப் பேசுவது இதனால்தான்.

மேடைக்கு: கட்டியங்காரனிடம் பிடித்துக் கொடுங்கள்

தெருக்கூத்தில் பெரிய வேடம் சட்டென்று களத்துக்குள் வருவதில்லை. இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, தன் பெருமையெல்லாம் சொல்லி, மெல்ல வெளிப்படும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நீங்கள் யார், எந்த ஊர், இங்கே என்ன வேலை என்று குறுக்குக் கேள்வி போடுவான், கிண்டலும் செய்வான். வேடத்தைப் பார்வையாளருக்கு அறிமுகம் செய்வதோடு, நடிகரை வேடத்துக்குள் தள்ளுகிற வேலையும் அதில் நடக்கிறது.

தனிநடிப்புக்கு ஒத்திகை செய்கிறவர்கள் இதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவரைக் கட்டியங்காரனாக உட்கார வையுங்கள். அவர் பன்னிரண்டு கேள்வி கேட்கட்டும், நீங்கள் வேடத்தின் குரலிலேயே, யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். கேள்விகள் சில்லறையாக இருப்பது நல்லது: காலையில் என்ன சாப்பிட்டாய், யாருக்குக் கடன் பாக்கி, செருப்பு எங்கே வாங்கினாய். 'வாழ்க்கை என்றால் என்ன' வகைக் கேள்விக்கு வேடம் பதில் சொல்லாது, நீங்கள்தான் சொல்வீர்கள். பதில் வராத கேள்விகளைக் குறித்து வைத்து, மறுநாள் அவற்றை மட்டும் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். பதில்களை மேடையில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கே செருப்பு வாங்கினான் என்று தெரிந்த நடிகர் நடக்கும் நடை வேறு.

மூன்று நிமிடத் தனிமொழிக்குப் பொருள் ஒன்று போதும். பணப்பை என்றால் பணப்பை மட்டும். விசிலும் வேண்டும், காக்கிச் சட்டையும் வேண்டும், தொப்பியும் வேண்டும் என்றால் மாறுவேடப் போட்டி ஆகிவிடும். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு கண்ணை அங்கே நிறுத்துங்கள். சிறைப்புறத்தில் ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒரு இடம். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, குரல் மட்டும் போகணும். இதைப் பழக ஒரு வாரமாவது ஆகும்.

பொதுவாழ்வில்: எல்லோரும் சிறைப்புறத்தில்

1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. காந்தி சட்டையும் நீள வேட்டியும் விட்டு முழங்கால் வரை வரும் துணிக்கு மாறினார். குறிப்பு எழுதிப் பார்த்தால் தெளிவாக விளங்கும். நேராகக் கேட்போர், கதர் வாங்கவும் வசதியில்லாத ஏழைகள். களன், அந்நியத் துணி ஒதுக்கும் இயக்கம். வேலிக்கு அப்பால் நிற்பவர், பிரிட்டிஷ் அரசு. 1931-இல் லண்டனில் மன்னரைச் சந்திக்கப் போனபோதும் அதே உடை. அன்றைக்கு மட்டும் கோட்டுப் போட்டிருந்தால் பத்து வருடம் கட்டிய பேச்சு ஒரு மாலையில் அறுந்திருக்கும். பிம்பம் என்றாலே போலி என்று நினைப்பவர்களுக்கு இந்த உதாரணம் நல்லது. போட்டவர் அதற்காகக் குளிரையும் கேலியையும் தாங்கினார், கடைசிவரை கழற்றவில்லை.

எம்.ஜி.ஆர். பிம்பம் வேறு வகை, திரையில் கட்டிப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தது. அதில் செய்ததைவிடச் செய்யாதவற்றின் பட்டியல் முக்கியம். அவருடைய கதாநாயகன் பொதுவாகப் புகைக்க மாட்டான், குடிக்க மாட்டான், தாயை எதிர்த்துப் பேச மாட்டான். பொதுவெளிக்கு ஒரு முகத்தைத் தீர்மானிக்கிற எவருக்கும், அது பஞ்சாயத்துத் தலைவரோ பள்ளிக்கூடத் தலைமையாசிரியரோ, இதே ஆலோசனைதான்: மாட்டேன் என்பவை மூன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வேண்டாம், காப்பாற்ற முடியாது.

மேடைப் பேச்சில் தமிழ் ஒரு கூடுதல் கண்ணியும் வைத்திருக்கிறது. 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. "நாம் ஒன்றாக நிற்போம்" என்று தொடங்கிய பேச்சாளர், கேள்வி காரமானதும் "நாங்கள் ஆவன செய்வோம்" என்று தாவுவார். வேடம் நழுவுகிற இடம் சரியாக அது. பேச்சை எழுதிக் கொடுக்கிறவர்கள் பிரதியில் இந்த இரண்டையும் வேறு வேறு மையில் வட்டமிட்டுப் பார்க்கலாம். பிறர் பேச்சை அலசும்போதும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

பொதுவெளியில் வேடம் உடைவது பெரும்பாலும் மைக் அணைந்துவிட்டது என்று நினைத்த நொடியில். அகப்பாட்டுத் தலைவிக்கு வேலிக்கு அப்பால் ஆள் இருப்பது தெரியும், தெரிந்தே பேசினாள். கைப்பேசி வந்த பிறகு அந்த வேலி எங்கே இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

புனைபெயர் வேடமாகுமா?

பெயர் மாறினாலே குரல் மாறிவிடாது. எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார், ஆனால் பெண் குரலில் எழுதுகிறேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அது வெறும் புனைபெயர். போர்ச்சுக்கல் கவி பெர்னாண்டோ பெசோவா செய்தது மறுகோடி. அவர் உண்டாக்கிய ரிகார்டோ ரெய்ஸ் மருத்துவர், ஆல்வரோ டி காம்போஸ் கப்பல் பொறியாளர், இவர்கள் இருவரும் குருவாகக் கொண்டாடும் ஆல்பெர்டோ கெய்ரோ இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தனிப் பிறந்த ஆண்டு, தனி நடை, ஒருவர் கவிதைமேல் இன்னொருவருக்கு அபிப்பிராயம்கூட உண்டு.

இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று தீர்மானிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே செய்தியை, தெருவில் குழாய் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை என்பதை, உங்கள் பெயரிலும் புனைபெயரிலும் ஐந்தைந்து வரி எழுதுங்கள். சொற்கள் ஒத்துப்போனால் உங்களிடம் இருப்பது பெயர் மட்டும். அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு வயதும் ஊரும் சாதியும் துயரமும் இட்டு, அந்தத் துயரத்தை அனுபவித்தவர் எழுதுவதாக வாசகரை நம்ப வைக்கப் போனால் நிலைமை வேறு. கூத்தில் திரை பிடிக்கிற இரண்டு பேர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துதான் நிற்கிறார்கள்.